ஜன்னல் பக்கம் சாயும் செடி... உள்ளே ஓடும் புரோட்டான் பம்ப்! தாவரங்கள் வளரும் ரகசியம் இதுதான்

பால்கனியிலோ, ஆபீஸ் டேபிளிலோ ஒரு செடி வைத்திருக்கிறீர்களா? ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் அப்படியே விட்டுப் பாருங்கள். வெளிச்சம் வரும் பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டியைத் திருப்பி வைத்தாலும், சில நாட்களில் மறுபடி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

செடிக்குத் தசை கிடையாது. எலும்பு, மூட்டு எதுவும் கிடையாது. அப்புறம் எப்படி வளையுது?

சுருக்கமான பதில்: தண்டின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாக நீளுது. அப்படி நீளுவதற்காக, அந்தப் பக்கத்துச் செல்கள் தங்களைச் சுற்றியிருக்கும் சுவரில் தாங்களே அமிலத்தை ஏற்றி, சுவரை நெகிழ வைக்கின்றன.

தன் வீட்டுச் சுவரில் தானே ஆசிட் ஊற்றுவதா? கேட்க விபரீதமாக இருந்தாலும், பசுமையாக நாம் பார்க்கும் வளர்ச்சியின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. அதை நடத்தும் 'புரோட்டான் பம்ப்' என்ற குட்டி மெஷினுக்கும், வயலில் அடிக்கும் களைக்கொல்லிக்கும், நாளை நம் தட்டுக்கு வரப்போகும் சோற்றுக்கும் தொடர்பு இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வளர்ச்சின்னா செல் பெருகுறது மட்டும்தானா?

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும், உயிர் வளரும். தப்பில்லை. ஆனால், செடியைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான்.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் படாத அறையில் வளரும் பயறு முளை, வெளிறிய மஞ்சளில், ஒல்லியாக, நெடுநெடுவென நீண்டு நிற்கும். அதே பயறை வெயிலில் போட்டால் குட்டையாக, பச்சையாக, உறுதியாக வளரும். இருட்டில் வளர்ந்த முளை அத்தனை உயரமாக இருப்பதற்குக் காரணம், அதில் செல்கள் ஏராளமாகப் பெருகியது அல்ல. இருக்கிற செல்களே நீண்டுவிட்டன. ஒரு தாவர செல் தன் பழைய நீளத்தைப் போல பத்து மடங்குக்கும் மேல் நீளக்கூடியது.

நீளுவதற்கான விசை எங்கிருந்து வருகிறது? தண்ணீரில் இருந்து. செல்லுக்குள் உப்புகளும் சர்க்கரையும் கரைந்திருப்பதால், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். இதனால் உள்ளே உருவாகும் அழுத்தம், பல செல்களில் 3 முதல் 10 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும். கார் டயரில் நாம் ஏற்றும் காற்றின் அழுத்தமே சுமார் 2 தான்!

இவ்வளவு அழுத்தத்தில் செல் வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதைச் சுற்றியிருக்கும் செல் சுவர். செல்லுலோஸ் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, வேறு சர்க்கரைச் சங்கிலிகளால் கட்டிய சுவர் அது. கயிற்றுக் கட்டிலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை, மேலே ஆள் உட்கார்ந்தாலும் தொய்யாது.

சிக்கல் இங்கேதான். சுவர் இறுக்கமாகவே இருந்தால் செல் வளர முடியாது. ஒரேயடியாகத் தளர்ந்தால் வெடித்துவிடும். கட்டுகளைக் கொஞ்சமாக, தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் மட்டும் நெகிழ்த்த வேண்டும். அதற்கு 'இப்போ நெகிழ்த்து' என்று யார் உத்தரவு போடுவது?

டார்வின் தொப்பி போட்ட புல்முளை

இந்தக் கேள்விக்கான தேடலைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர், நமக்குப் பரிணாமக் கொள்கை மூலம் தெரிந்த சார்லஸ் டார்வின். அவரும் மகன் ஃபிரான்சிஸும் சேர்ந்து, தாவரங்களின் அசைவைப் பற்றி 1880-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். புல்வகைச் செடிகள் முளைக்கும்போது, முதல் இலையைப் போர்த்திக்கொண்டு குழல் மாதிரி ஓர் உறை வெளியே வரும். அது வெளிச்சத்தை நோக்கி வளையும். முளையின் நுனிக்கு மட்டும் வெளிச்சம் புகாத தொப்பி மாட்டினார்கள். வளையவில்லை. நுனியை விட்டுவிட்டு அடிப்பகுதியை மறைத்தார்கள். வளைந்தது!

அப்படியென்றால், வெளிச்சத்தை உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு தகவல் போகிறது.

அந்தத் தகவல் என்ன என்பதை 1920-களில் பிடித்தவர் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட். ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, அகர் அகர் துண்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். ஆம், இஃப்தாருக்குக் கடற்பாசி செய்வோமே, அதே அகர் அகர். பிறகு நுனியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஜெல்லித் துண்டை மட்டும் தலையில்லாத முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே அந்தப் பக்கம் அதிகமாக நீண்டு, முளை எதிர்ப்பக்கம் வளைந்தது. நுனியிலிருந்து ஜெல்லிக்குள் ஒரு ரசாயனம் இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதற்கு 'ஆக்சின்' என்று பெயர் வந்தது. வளர்வது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். செடியில் அது மிகச் சொற்ப அளவில்தான் இருக்கும் என்பதால், 1930-களில் அதைப் பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் நாடியது எதை தெரியுமா? மனித சிறுநீரை. அதிலிருந்து கிடைத்த 'இண்டோல் அசிட்டிக் அமிலம்'தான் செடிகளின் முக்கிய ஆக்சின் என்பது பிறகு உறுதியானது.

வெளிச்சம் ஒரு பக்கமாக வரும்போது, நுனியில் இருக்கும் ஆக்சின் நிழல் பக்கத்துக்கு அதிகமாக நகர்கிறது. நிழல் பக்கம் வேகமாக நீள்கிறது. தண்டு வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது. உங்கள் டேபிள் செடியில் நடப்பதும் இதுதான்.

சரி, இதுல புரோட்டான் எங்க வந்துச்சு?

ஆக்சின் என்பது ஒரு செய்தி மட்டும்தான். அதுவே போய்ச் சுவரை இளக்குவதில்லை. அந்த வேலையைச் செய்ய செல்லின் வெளிப்படலத்தில் ஆயிரக்கணக்கான பம்புகள் பதிந்திருக்கின்றன.

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புரோட்டான். ஒரு திரவத்தில் இது எவ்வளவு அதிகமோ, அந்தத் திரவம் அவ்வளவு புளிப்பு, அதாவது அமிலம். நம் போர்வெல் மோட்டார் கரண்ட்டில் ஓடுவது போல, இந்த பம்ப் 'ஏ.டி.பி' என்ற எரிபொருளில் ஓடும். ஒரு ஏ.டி.பி-யைச் செலவழித்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளும்.

விளைவு? செல்லுக்கு உள்ளே அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச் அளவு 7-ஐ ஒட்டி, கிட்டத்தட்ட சுத்தமான தண்ணீர் போல இருக்கும். வெளியே சுவர்ப் பகுதியில் அது 5.5-க்கு அருகில் இருக்கும். பம்ப் முழு வேகத்தில் ஓடினால் பிளாக் காபி அளவுக்கு, சில நேரம் தயிரின் புளிப்பு அளவுக்குக்கூட இறங்கும். பி.ஹெச் கணக்கில் ஒரு எண் குறைந்தால் புரோட்டான்கள் 10 மடங்கு அதிகம் என்று பொருள். இரண்டு எண் குறைந்தால் 100 மடங்கு.

பாசிட்டிவ் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள் வெளியேறிக்கொண்டே இருப்பதால், செல்லின் உள்பக்கம் நெகட்டிவ் ஆகிவிடும். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 120 முதல் 200 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வித்தியாசம் உருவாகும். பேனா பேட்டரியில் சுமார் பத்தில் ஒரு பங்கு! கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்கு இது பெரிய விஷயம்.

இந்த பேட்டரியை வைத்துத்தான் செடி தன் மற்ற வேலைகளையும் பார்க்கிறது. வேர் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சுவது, இலையிலிருந்து சர்க்கரையை ஏற்றி அனுப்புவது, உப்பு மண்ணில் உள்ளே புகுந்த சோடியத்தைத் திருப்பி வெளியே தள்ளுவது என எல்லாவற்றுக்கும் புரோட்டான் பம்ப் உருவாக்கித் தரும் இந்த ஏற்றத்தாழ்வுதான் மூலதனம். அதனால்தான் செல் தன் ஏ.டி.பி-யில் கால் பங்கு முதல் பாதி வரைகூட இந்த பம்புக்கே செலவழிப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

வெள்ளரிக்காய் முளை சொன்ன தீர்ப்பு

ஆக்சினையும் பம்பையும் முடிச்சுப் போட்ட கருத்து 1970, 1971-ல் வந்தது. அமெரிக்காவில் டேவிட் ரேலும் ராபர்ட் கிளீலாண்டும், ஜெர்மனியில் ஆக்கிம் ஹாகரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதை முன்வைத்தார்கள். ஆக்சின் வந்ததும் செல் புரோட்டான்களைச் சுவருக்குள் பம்ப் செய்கிறது, அந்த அமிலம் சுவரை நெகிழ்த்துகிறது, உள்ளிருக்கும் தண்ணீரின் அழுத்தம் செல்லை நீட்டிவிடுகிறது. இதற்கு 'அமில வளர்ச்சிக் கொள்கை' என்று பெயர்.

எல்லோரும் கைதட்டவில்லை. 1985-ல் ஜெர்மனியின் குட்செராவும் ஷோப்ஃபரும் மக்காச்சோள முளைகளை அளந்து பார்த்துவிட்டு, 'இந்தக் கணக்கு பொருந்தவில்லை' என்று எழுதினார்கள். சண்டை வருடக்கணக்கில் நீடித்தது. முக்கியமான கேள்வி இது: தயிர் அளவு புளிப்பு, செல்லுலோஸ் சுவரைக் கரைக்கப் போதாது. அப்படியானால் அமிலம் யாரை எழுப்பி வேலை வாங்குகிறது?

பதில் 1992-ல் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் காஸ்குரோவின் குழு, வெள்ளரி முளையின் தண்டை உறைய வைத்து, செல்களைக் கொன்றுவிட்டு, மிச்சமிருந்த வெறும் சுவரை இழுத்துப் பிடித்தது. அமிலம் கொடுத்ததும் செத்த சுவரே மெதுவாக நீண்டது! அதையே கொதிக்கவைத்த பிறகு அமிலம் கொடுத்தால் நீளவில்லை. ஆக, வெப்பத்தில் கெட்டுப்போகும் ஏதோ ஒரு புரோட்டீன் சுவருக்குள் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, கொதித்த சுவரில் மறுபடி சேர்த்தார்கள். சுவர் மறுபடி நீண்டது.

அதற்கு 'எக்ஸ்பான்சின்' என்று பெயர் வைத்தார்கள். இது இழைகளை வெட்டுவதில்லை. இழைகளுக்கு நடுவே இருக்கும் பிடிப்பை மட்டும் தளர்த்திவிடுகிறது. கயிற்றுக் கட்டிலில் கயிறு அறுபடாமல், முடிச்சு மட்டும் நழுவுவது போல. பம்ப் நின்றால் புளிப்பு குறையும், எக்ஸ்பான்சின் ஓய்ந்துவிடும், சுவர் மறுபடி இறுகும். வளர்ச்சிக்கு இவ்வளவு அழகான ஆன்-ஆஃப் ஸ்விட்ச்!

ஆக்சின் எப்படி ஸ்விட்ச் போடுது?

பம்புக்கு ஒரு 'வால்' உண்டு. சாதாரண நேரத்தில் அந்த வால் மடங்கி வந்து பம்பையே அடைத்துக்கொள்ளும். வாலில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் அடைப்பு விலகும், பம்ப் ஓடும். பாஸ்பேட்டைப் பிய்த்துவிட்டால் மறுபடி நிற்கும். அதைப் பிய்ப்பதற்கென்றே செல்லுக்குள் சில என்சைம்கள் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆக்சினைச் செல்லுக்குள் பிடித்துக்கொள்ளும் 'டிர்1' என்ற புரோட்டீனை 2005-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக உறுதி செய்தன. ஆக்சின் அதில் பொருந்தியதும், வளர்ச்சி மரபணுக்களைக் கட்டிப்போட்டிருக்கும் காவல் புரோட்டீன்கள் அழிக்கப்படுகின்றன. மரபணுக்கள் விழிக்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் சிறு புரோட்டீன்கள், பாஸ்பேட்டைப் பிய்க்கும் என்சைம்களின் கையைக் கட்டிவிடுகின்றன. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. முளைக்கு ஆக்சின் கொடுத்து 10, 15 நிமிடங்களில் வளர்ச்சி வேகம் எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் 'டி.எம்.கே1' என்ற புரோட்டீன், மரபணுக்களுக்காகக் காத்திருக்காமல் தானே நேரடியாக பம்பின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. இதை 2021-ல் ஷென்பியாவ் யாங் குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

அப்போ வேர் மட்டும் ஏன் கீழே போகுது?

இங்கே ஒரு ட்விஸ்ட். முளைவிட்ட பயறு ஒன்றை ஈரத்துணியில், இருட்டில், படுக்கைவாட்டில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் தண்டு மேலே திரும்பும், வேர் கீழே திரும்பும். இரண்டிலும் ஆக்சின் சேர்வது அடிப்பக்கத்தில்தான். தண்டில் அந்தப் பக்கம் அதிகமாக நீள்வதால் மேலே வளைகிறது. வேரில்? அதே ஆக்சின் அந்தப் பக்கத்தின் வளர்ச்சியை நிறுத்துகிறது. அதனால் கீழே வளைகிறது.

ஒரே ஹார்மோன், ஒரே செடி, நேர் எதிரான இரண்டு பலன். அதிலும் வேர் நிற்கும் வேகம் ஆச்சரியமானது. ஆக்சின் பட்டு அரை நிமிடத்துக்குள் வளர்ச்சி குறைந்துவிடுகிறது.

இந்தப் புதிரை அவிழ்த்த ஆய்வும் அதே 2021-ல், அதே 'நேச்சர்' இதழில் வந்தது. ஆஸ்திரியாவில் இருக்கும் யிரி ஃப்ரிம்லின் குழு, வேர் செல்லில் ஆக்சின் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குவதைக் காட்டியது. மேற்பரப்பில் டி.எம்.கே1 வழியாகப் புரோட்டான்களை வெளியே தள்ளச் சொல்கிறது. உள்ளே டிர்1 வகைப் புரோட்டீன்கள் வழியாக, வெளியே இருக்கும் புரோட்டான்களை உள்ளே இழுக்கச் சொல்கிறது. வேரில் இந்த இரண்டாவது கை ஓங்குகிறது. சுவரின் புளிப்பு குறைகிறது, சுவர் இறுகுகிறது, வளர்ச்சி நிற்கிறது.

ஆக்சிலரேட்டரிலும் பிரேக்கிலும் ஒரே நேரத்தில் கால் வைத்து மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது மாதிரி. வீண் வேலை போலத் தோன்றும். ஆனால், கல்லும் மண்ணுமாக இருக்கும் நிலத்தடியில் நொடிக்கு நொடி திசை மாற்ற வேண்டிய வேருக்கு, சட்டென்று நிற்கவும் கிளம்பவும் இதுதான் வசதி என்பது அந்தக் குழுவின் விளக்கம்.

ஹார்மோனே ஆயுதமானால்?

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 'டூ ஃபோர் டி' என்ற பெயர் தெரிந்திருக்கும். நெல், கோதுமை வயல்களில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க அடிக்கும் 2,4-டி என்ற மருந்து உண்மையில் ஒரு செயற்கை ஆக்சின். விஷம் போல எரிக்காது; செடியிடம் 'வளரு, வளரு' என்று கத்திக்கொண்டே இருக்கும். தன் சொந்த ஆக்சின் அளவுக்கு மீறினால் செடி அதைச் சிதைத்துவிடும். 2,4-டியை அகன்ற இலைக் களைகளால் அவ்வளவு சீக்கிரம் சிதைக்க முடியாது. தண்டு முறுக்கிக்கொள்ளும், இலை சுருளும், கடைசியில் செடி செத்துப்போகும். நெல் போன்ற புல்வகைப் பயிர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

பிரச்சினை பக்கத்து வயலுக்கு. பருத்தி, தக்காளி, திராட்சைக்கு இந்த மருந்து கொஞ்சம் காற்றில் மிதந்து வந்தாலே போதும், இலைகள் கோணிக்கொள்ளும். வியட்நாம் போரில் காடுகளை அழிக்க அமெரிக்க ராணுவம் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' கலவையில் பாதி இதுதான். அதன் மற்றொரு பாதியான 2,4,5-டி தயாரிக்கப்பட்டபோது கலந்துவிட்ட டையாக்சின்தான் மனிதர்களை வாட்டிய நச்சு. வளர்ச்சிக்கான ஒரு செய்தியை மனிதன் கையில் எடுத்தால் அது எங்கெல்லாம் போகும் என்பதற்கு இது ஒரு கசப்பான உதாரணம்.

ஆனால், பூஞ்சைகள் நமக்கு முன்பே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. பாதாம், பீச் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை 'ஃபியூசிகாக்சின்' என்ற நச்சைச் சுரக்கும். அது பம்பை ஆன் செய்து, ஸ்விட்சையே உடைத்துவிடும். இலைத்துளைகள் திறப்பதும் இதே பம்பால்தான் என்பதால், திறந்த துளைகள் மூடவே மூடாது. தண்ணீர் ஆவியாகி இலைகள் வாடிவிடும்.

தட்டில் இருக்கும் சோறு வரைக்கும்

இதே பம்பை நல்லதுக்குத் திருப்ப முடியாதா? ஜப்பான், சீன விஞ்ஞானிகள் முயன்று பார்த்தார்கள். நெற்பயிரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு புரோட்டான் பம்ப் மரபணுவைக் கூடுதலாக இயங்க வைத்து, அதன் முடிவை 2021-ல் வெளியிட்டார்கள். வேர் கூடுதலாக நைட்ரஜனை உறிஞ்சியது. இலைத்துளைகள் அகலமாகத் திறந்து ஒளிச்சேர்க்கை கூடியது. நான்கு இடங்களில் நடத்திய வயல் சோதனைகளில், விளைச்சல் 30 சதவீதத்துக்கும் மேல் அதிகமானது.

இது மரபணு மாற்றப் பயிர் என்பதால் சட்டம், பாதுகாப்பு, விதை உரிமை என்று கடக்க வேண்டிய வாசல்கள் நிறைய உண்டு. தண்ணீர் கேள்வியும் இருக்கிறது. துளை அகலமாகத் திறந்தால் நீரும் அதிகமாக வெளியேறும். காவிரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உரச் செலவு ஏறிக்கொண்டே போகும் காலத்தில், போட்ட உரத்தை இன்னும் கொஞ்சம் நன்றாக உறிஞ்சும் ஒரு வேர் என்பது விவசாயிக்குச் சாதாரண விஷயம் அல்ல.

ஓடவோ ஒளியவோ முடியாத செடிக்கு, வளர்வது ஒன்றுதான் நகர்வதற்கான வழி. அந்த ஒரு வழிக்காக அது எவ்வளவு செலவழிக்கிறது, எவ்வளவு நுட்பமாக அளந்து செலவழிக்கிறது என்பது புரிந்துவிட்டால், அடுத்த முறை தொட்டியைத் திருப்பி வைக்கும்போது ஒரு நிமிடம் யோசிப்பீர்கள். நிழல் பக்கத்துச் செல்கள் எல்லாம் மறுபடி முதலில் இருந்து பம்ப் அடிக்கத் தொடங்க வேண்டும்!